பொத்தான் டப்பாவில் மாத்திரைகள்

"இதையெல்லாம் சாப்பிடறீங்கன்னு டாக்டருக்குத் தெரியுமா?" என்று மருந்துக்கடைக்காரப் பெண் ஒருமுறை தையல்காரம்மாவிடம் கேட்டாள்.

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அது மருந்தில்லையே, சத்துதானே என்று, சத்து மாத்திரை விற்கும் நாத்தனார் சொல்லிக்கொடுத்த பாட்டையே திருப்பிப் பாடினாள்.

அந்தப் பெண் விடுகிற ஆள் இல்லை. தையல்காரம்மாவின் முழங்கையைப் பார்த்தாள். மேசை முனையில் லேசாக இடித்த இடம் கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. முந்தின வாரம் ஊசி குத்திய விரலில் அரை மணி நேரம் ரத்தம் நிற்காமல் ஒரு வெள்ளைச் சட்டையே பாழாகியிருந்தது. ரத்தம் உறையாமலிருக்க இதய டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை அவள் மூன்று வருடமாகச் சாப்பிடுகிறாள். அதோடு பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய், ஞாபகசக்திக்கு என்று ஏதோ இலைச்சத்து எல்லாம் சேர்வது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பது மாதிரி என்றாள் அந்தப் பெண். டப்பாக்களோடு டாக்டரைப் போய்ப் பார்க்கச் சொன்னாள்.

டப்பாக்கள் இருந்தால்தானே? நாற்பது வருடத் தையல் புத்தி. சின்னதாக எது வீட்டுக்கு வந்தாலும் உறையைக் கிழித்துப் போட்டு, பொத்தான் டப்பாவின் அறைகளில் நிறம் பார்த்துப் பிரித்துவைப்பாள். நாத்தனார் தந்த மாத்திரைகளுக்கும் அதே கதி. மஞ்சள் அறையில் மட்டும் மூன்று விதம் கலந்து கிடந்தன. காலையில் ஒரு மஞ்சள், மாலையில் ஒரு மஞ்சள். எது இரண்டு தடவை உள்ளே போனது, எது போகவே இல்லை என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

டாக்டர் பொத்தான் டப்பாவைத் திறந்து பார்த்தார். சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அடுத்த வாரம் அவள் பல் பிடுங்கவிருந்ததைத் தள்ளிப்போடச் சொன்னார். தான் கொடுத்த மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது, மற்றதில் ஒன்றைக்கூடத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தையல் கடைக்கு விடுமுறை. வழக்கம்போலத் துணி வெட்டும் மேசைமேல் நாத்தனார் சத்து டப்பாக்களைப் பரப்பினாள். தெருவிலிருந்து எட்டுப் பேர் வந்திருந்தார்கள், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். இந்தக் கூட்டத்தில் தையல்காரம்மாவின் வேலை, எழுந்து நின்று, இதைச் சாப்பிட்ட பிறகுதான் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறேன் என்று சொல்வது. அவள் கணவர் போன பிறகு ஒரு வருடம் கூடவே இருந்து சோறாக்கிப் போட்டவள் இந்த நாத்தனார். அந்த நன்றிக்குத்தான் இத்தனை நாள் தலையாட்டினாள். இன்று வாயைத் திறந்தால் அந்த உறவு அறுந்துபோகும். திறக்காவிட்டால் எதிரில் இருக்கும் எட்டுப் பேரும் அவளை நம்பி விழுங்குவார்கள்.

"அண்ணி, நாலு வார்த்தை சொல்லிட்டு உட்காருங்க."

தையல்காரம்மா எழுந்தாள். முழங்கையைத் திருப்பிக் கன்றிய இடத்தைக் காட்டினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். யாரையும் கேட்காமல் விழுங்கியது தன் தப்பு, மாத்திரையைப் பொத்தானாக நினைத்தது அதைவிடப் பெரிய தப்பு என்பதையும் மறைக்கவில்லை.

"இனிமே என்னைக் காட்டி யாரும் ஒண்ணுகூட விழுங்க வேண்டாம். டப்பாவோட கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க. அவர் சரின்னா சாப்பிடுங்க."

நாத்தனார் முகத்தில் சிரிப்பு ஒட்டவைத்தது போல நின்றது. "வீட்டு விஷயத்தை வீட்டுல பேசிக்கலாம் அண்ணி. அண்ணன் இருந்திருந்தா என்ன நினைப்பாரு?"

"அவர் இருந்திருந்தா அவருக்கும் நாலு டப்பா குடுத்திருப்பே. ஓடறது என் ரத்தம். அதை வச்சு நீ விளம்பரம் பண்ணாதே."

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் தொண்டையைச் செருமினார். "ஆயுசு பூரா டிக்கெட் இல்லாதவனை இறக்கிவிட்டவன் நான். இப்ப என் வயித்துலயே எத்தனை பேர் டிக்கெட் இல்லாம ஏறியிருக்காங்கன்னு பார்க்கணும்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு பெண் அப்போதுதான் வாங்கிய டப்பாவை மெல்ல மேசைக்கே தள்ளினாள்.

நாத்தனார் எல்லாவற்றையும் வாரிப் பைக்குள் போட்டாள். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. தையல்காரம்மாவின் கை பழக்கத்தில் தானாக நீண்டது. நாத்தனார் பையை வெடுக்கென்று இழுத்து, திறந்த வாயோடே அதை மார்பில் அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.