மணிக்கயிறு

யாசோகி அத்தானை விடியும்போது ஏரியிலிருந்து எடுத்தார்கள். புயலில் அறுந்த மீன்கூண்டைப் பிடிக்கப் போனவர். இரண்டு பேர் உடலை அக்கா வீட்டு வாசலில் கிடத்திவிட்டுப் போய்விட்டார்கள். மதியம் வரை வேறு யாரும் வரவில்லை.

எங்கள் தோபா ஏரிக்கரையில் சாவைக் கிறிஸ்தவச் சபைக் கோயிலின் மணிதான் சொல்லும். மணி கேட்டால் ஆண்கள் மண்வெட்டியோடும் பெண்கள் அரிசிக்கூடையோடும் வருவார்கள். கேட்காவிட்டால், தெரிந்தாலும் தெரியாததுபோல இருப்பார்கள்.

அக்கா ருமொண்டாங்கும் அத்தானும் சபையிலிருந்து விலக்கப்பட்டவர்கள். நீயாஸ் தீவிலிருந்து கூலிக்கு வந்தவருக்குப் பெண் தர அப்பா மறுத்தார். அவள் கோயில் கல்யாணம் இல்லாமலே அவரோடு போய்விட்டாள். சபைமுன் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள். அவள் கேட்கவில்லை. விலக்கப்பட்டவர்கள் செத்தால் மணி கிடையாது.

விலக்கியதாக அவர்கள் பெயர்களைப் பீடத்திலிருந்து வாசித்தவர் மூப்பர் துங்குல். எங்கள் அப்பா.

நான் அக்கா வீட்டிலிருந்து ஓடிப் போனபோது அவர் சபைக் கூட்டத்துக்காகக் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, அக்கா தனியா குழி தோண்டுறா."

அவர் செருப்புப் போடாமல் கோயிலைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

மணிக்கூண்டுக்குள் இன்னொரு மூப்பர் ஹப்போசான் நின்றிருந்தார். கயிறு அவர் கையில் இருந்தது.

"நீ வருவேன்னு தெரியும்ணே. அதான் முன்னாடியே வந்துட்டேன்."

"விடு ஹப்போசான்."

"ஊருக்கு ஒரு சட்டம், உன் மகளுக்கு ஒரு சட்டமா? விலக்கி வச்சிருந்த என் தம்பி செத்தப்போ மணி அடிச்சோமா? நான் உன் காலைப் பிடிச்சேன். நீதானே இந்தக் கயித்தைச் சுருட்டி எட்டாத உயரத்துல கட்டினே?"

அப்பா ஒரு அடி பின்னே வைத்தார். அவர் திரும்பிவிடுவார் என்றே நினைத்தேன்.

"கட்டினேன்," என்றார். "அன்னைக்கு உன் வீட்டுக்கு வந்திருக்கணும். வரல."

"இப்ப சொல்லி?"

அப்பா அங்கியைக் கழற்றினார். மடிக்கவில்லை. அப்படியே ஹப்போசான் தோளில் போட்டார்.

"அடிச்சா ஞாயித்துக்கிழமை உன் பேரை நான்தான் வாசிப்பேன்," என்றார் ஹப்போசான்.

"உரக்க வாசி. அவ வீடு வரைக்கும் கேக்கட்டும்."

ஹப்போசான் கயிற்றை விடவில்லை. அப்பா அவர் கைக்கு மேலே பிடித்தார்.

"உன் தம்பிக்கும் சேர்த்துத்தான்டா."

இருவர் கைகளும் ஒன்றாகக் கீழே இறங்கின. ஹப்போசான் இழுத்தாரா, இழுபட்டாரா, எனக்குத் தெரியவில்லை. தலைக்கு மேலே மணி அதிர்ந்தது.

"நீ அக்காகிட்ட ஓடு," என்றார் அப்பா.

வயல் வரப்பில் ஓடினேன். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து கோயில் பக்கம் பார்த்தார்கள். ஒருத்தி சேற்றுக்கையைக் கழுவ வாய்க்காலுக்குப் போனாள்.

அக்கா வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு குழிக்குள் நின்றாள். உள்ளங்கை தோலுரிந்திருந்தது. காலையிலிருந்து அவள் அழவில்லை.

"மணி அடிக்குதே," என்றாள். "வேற யாருடி செத்தாங்க?"

"வேற யாருமில்லக்கா. அத்தானுக்குத்தான்."

அவள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.