ஜேர்மன் அடுப்புக்குக் கற்பூரம்

ஸ்ட்ரெதம் வீட்டு முன்னறையில் அந்த ஜேர்மன் கணப்படுப்பு ஆளுயரத்துக்கு நின்றது. நூறு வருஷத்துக்கும் மேலான சாமான். உடம்பு முழுக்கப் பச்சை டைல்கள், ஒவ்வொன்றிலும் புடைத்த மாதுளங்கொத்து. பழஞ்சாமான் கடையில் கண்ட நாளிலிருந்து பரமேஸ்வரனுக்கு அதன்மேல் ஒரே பைத்தியம். மகள் தர்மிகா அன்று பின்னேரம் பச்சைப்பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். படுக்கை இந்த அறையில்தான். டைல்கள் மெல்லத்தான் சூடேறும், ஏறினால் விடியும்வரை தாங்குமாம்.

விறகை அடுக்கிவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினார். அது மனைவி சிவகௌரியின் கையில் இருந்தது.

"பொறுங்கோ. முதல் நெருப்பு கற்பூரம்தான்."

"இதென்ன பிள்ளையாரோ? அடுப்பு! அதுவும் ஜேர்மன் அடுப்பு!"

"எந்த ஊர் அடுப்பெண்டாலும் என்ர வீட்டிலைதானே எரியப்போகுது."

சொன்னால் கேட்கிற மனுஷியா? விறகை ஒதுக்கிவிட்டுக் கற்பூரத்தைக் கொளுத்தி உள்ளே வைத்தாள். கரும்புகை மேலே போகாமல் அப்படியே திரும்பி வந்து, அடுப்பு வாய்க்கு மேலிருந்த டைலைக் கரியாக்கியது. வந்ததே அவருக்குக் கோபம்!

"நாசமாக்கிப் போட்டீர்! பிள்ளை வாற நேரத்திலை!"

"புகை ஏன் மேலை போகேல்லை? ஆரையும் கூப்பிட்டுக் காட்டுங்கோ. பிறகு என்னைப் பேசுங்கோ."

முணுமுணுத்தபடியே புகைபோக்கி துப்புரவாக்குபவனை அழைத்தார். அவன் வந்து, வீட்டுப் பழைய புகைக்குழாயின் வளைவிலிருந்து கிழிந்த சாக்கொன்றை இழுத்தெடுத்தான். எந்தக் காலத்திலோ குளிர்காற்றுக்கு யாரோ அடைத்தது. விறகு மூண்டு எரியும்போது புகை இடுக்கால் ஏறிவிடும், உங்களுக்குத் தெரிந்திராது என்றான். தணல் அடங்கும்போதுதான் மணமில்லாத நச்சுக்காற்று அறைக்குள் இறங்குமாம். படுத்திருப்பவர்கள் எழும்பமாட்டார்களாம்.

ஐயோ, என்ர பிள்ளையள்! பரமேஸ்வரன் ஒதுக்கிக் கிடந்த விறகை அடுப்பிலிருந்து இன்னும் தள்ளி வைத்தார்.

குழாயைத் துப்புரவாக்கி, புகை ஒழுங்காக ஏறுகிறதா என்று சோதித்த பிறகு அவனே விறகை மூட்டினான். பின்னேரம் தர்மிகா வந்தாள். இதமான சூட்டில் தாயும் பிள்ளையும் கண்ணயர்ந்தார்கள்.

கட்டின நாள் தொட்டு மனைவிக்கு அவர் நன்றி சொன்னது கிடையாது. எங்கள் ஆம்பிளைகளுக்கு ஏது அந்தப் பழக்கம்? கதவடியில் நின்ற சிவகௌரியிடம் மெல்லப் போனார்.

"இஞ்சேரும்... தாங்ஸ்."

அவள் திடுக்கிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "என்ன, காய்ச்சலோ?"

"இல்லையப்பா," என்றார். "பிள்ளை மூச்சு விடுறது கேக்குதே? அது நீர் தந்தது."