தண்ணீர் மேலே நின்ற பேட்டரி

1

அன்று எங்கள் பேட்டரிக் கடையில் இருந்தவர்கள்: என் அப்பா தோர்கர் ஹௌகன், என் அம்மா சிக்னே, டாக்டர் ஃபெல்டன், காப்பி குடிக்க வந்திருந்த எதிர்க்கடை எமில் க்ராட்ஸ். வேறு யாரும் இல்லை. நானும் இல்லை; பிறந்தது அடுத்த ஆண்டு. இருந்தும் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், எங்கள் மினசோட்டா ஊரில் இன்னும் உலவும் ஒரு வதந்தி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

1923 நவம்பர். வெளியே பனி கொட்டிக்கொண்டு... (வேண்டாம். இங்கே நவம்பரில் வேறென்ன கொட்டும்?)

டாக்டர் தன் காரின் பேட்டரியை மேசைமேல் வைத்தார். அதில் அப்பா கையெழுத்திட்ட அட்டை தொங்கியது: ஓராண்டு உத்தரவாதம்.

"ஒரு மாசம்கூடத் தாங்கல தோர்கர். காலையில பிரசவத்துக்கு நடந்தே போனேன்."

"நான் கையெழுத்துப் போட்டது அப்படிச் சாகாது டாக்டர்."

அப்பா ஹைட்ரோமீட்டரை எடுக்க உள்ளே போனார்.

3

அந்தக் கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சினால், மிதவை நிற்கும் உயரம் பேட்டரியின் நிலையைச் சொல்லும். பன்னிரண்டு எண்பது (அதாவது 1.280) என்றால் நிறைவு. பதினொன்று ஐம்பது என்றால் காலி. பேட்டரியின் மூன்று அறைகளிலும் பதினொன்று ஐம்பதுதான்.

அப்பாவின் முகம் வெளுத்தது என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.*

"அட்டையக் கிழிச்சிருங்க. நாளைக்குப் பெயர்ப்பலகையைக் கழட்டிடுறேன்."

* அம்மா சொன்னது: காதுகள் சிவந்தன. அம்மா அங்கே இருந்தவர்.

4

இங்கே எமிலை நான் நம்பவில்லை. மூன்று வரைவுகளில் அவரை வாய் திறக்காமல் நிற்கவைத்தேன். ஊரில் பேட்டரிக்கு இரண்டே கடைகள். ஒன்று மூடினால் மற்றது...

ஆனால் அவர் பேசினார்.

"ஏய் நார்வேக்காரா, அவசரப்படாத. நீ உள்ள போனப்போ டாக்டர் பேட்டரியில தண்ணி ஊத்தினாரு. நான் பாத்தேன்."

"கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டுமேன்னு ஊத்தினேன்," என்றார் டாக்டர்.

"அது இன்னும் கலக்காம மேலயே நிக்குது. நீ தண்ணியத்தான் அளந்திருக்க. சிக்னே, உன் வீட்டுக்காரருக்கு ஒரு காப்பி குடும்மா."

எமில் தெருவைக் கடந்து, எங்களிடம் இல்லாத தன் கவட்டை மீட்டரைக் கொண்டுவந்தார். அதன் இரு முனைகளை அழுத்தினால், கார் கிளம்பும்போது இழுப்பதுபோல மின்சாரத்தை இழுக்கும். செத்த பேட்டரி என்றால் முள் படுத்துவிடும்.

மூன்று அறைகளிலும் முள் நிமிர்ந்தே நின்றது. பழுது, பிறகு போய்ப் பார்த்தபோது, டாக்டர் காரின் கம்பி முனையில் பூத்திருந்த பச்சை உப்பில்.

5

முடிவு: இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். (பொய். எங்கள் ஆட்கள் கைகுலுக்கவே யோசிப்பார்கள்.)

அப்பா நன்றி சொன்னாரா என்று அம்மாவுக்கு நினைவில்லை. குடும்பத்தின் சார்பில் நான் சொல்கிறேன்: நன்றி, க்ராட்ஸ் ஐயா. எங்கள் பெயர்ப்பலகை மேலும் முப்பத்தோரு ஆண்டுகள் அங்கேயே இருந்தது.

அப்பா சொன்ன வார்த்தையை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். நிரப்பிய கையோடு அளந்துவிடாதீர்கள்.

இனி அந்த வதந்தி. எமில் இரக்கப்பட்டு, யாரும் பார்க்காதபோது தன் கடையின் நல்ல பேட்டரியை மாற்றிவைத்தாராம்.

மாற்றவில்லை. அது என் அப்பா கையெழுத்திட்ட பேட்டரிதான்.