‘ங்க’ போடாத கேள்வி

அந்த முகத்தின் மேல் ஒரு மஞ்சள் நட்சத்திரத்தை ஒட்டியிருந்தார்கள்.

ஒத்திகை முடிந்து மேடையின் ஓரத்தில் நின்றிருந்த தான்பிக்கு முதலில் அது என்னவென்றே புரியவில்லை. பெரிய திரையில் ‘இந்த ஆண்டின் பாட்டுகள்’ என்ற தொகுப்பை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜனவரியில் வந்த பாட்டு, பிப்ரவரியில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்ட பாட்டு, பள்ளிப் பிள்ளைகள் ஆடி ஆடிக் காலைச் சுளுக்கிக்கொண்ட பாட்டு என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. மார்ச் மாதத்துக்குத் தான்பியின் குழுவுடைய ‘குடை மறந்த நாள்’. ஐந்து பெண்கள் ஆடிய பாட்டில் ஒருத்தியைக் காணவில்லை. கால் தெரிந்தது, ஒரு கை தெரிந்தது. ஐந்து பேரும் ஒன்றாக நிற்கும் இடத்தில் வெட்ட வழியில்லை போலிருக்கிறது. நடுவில் நின்றவளின் முகத்தில் கொழுகொழுவென்று ஒரு நட்சத்திரம் உட்கார்ந்துகொண்டு அவள் ஆடும் பக்கமெல்லாம் தானும் ஆடியது.

குரலை மட்டும் வெட்டவில்லை. நட்சத்திரத்துக்குப் பின்னாலிருந்து சோல்மி பாடிக்கொண்டேயிருந்தாள்.

“கொலைகாரனுக்குத்தான் டிவில இப்பிடி மூஞ்சிய மறைப்பாங்க” என்றாள் தான்பி.

பக்கத்தில் நின்ற மேனேஜர் பியோன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நட்சத்திரம்தானம்மா, அழகாத்தான இருக்கு. போய் மேக்கப்ப சரி பண்ணு.”

அவர்களுடைய பாட்டுக் குழுவின் பெயர் ‘தாசொத்சி’. கொரிய மொழியில் அஞ்சு மணி என்று அர்த்தம். ஐந்து பேர் என்பதால் வைத்த பெயர். மே மாதத்திலிருந்து நாலு பேர்தான், பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. இணையத்தில் ‘கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது’ என்று கிண்டல் செய்து எழுதுகிறவர்களுக்கு வருடம் முழுக்கச் சலிக்கவில்லை.

அதற்குக் காரணமாக ஏப்ரலில் நடந்தது இவ்வளவுதான். வாராவாரம் நடக்கும் இசை நிகழ்ச்சிக்குப் போயிருந்தார்கள். நடைபாதையில் கம்பெனி ஆள் ஒருவன் கைபேசியை நீட்டிக்கொண்டு நேரலை விட்டுக்கொண்டிருந்தான். எதிரே மோ ஜினா நின்றிருந்தாள். பாட வந்து பதினான்கு வருடம் ஆனவள். அவள் வந்தால் புதிதாக வந்த பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விடுவார்கள். சோல்மி அவளுக்கு இடுப்பு ஒடிய வணக்கம் வைத்தாள். நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் கேட்டாள்: “சாப்ட்டியா?”

சாப்ட்டீங்களா என்று கேட்கவில்லை. அந்த ‘ங்க’வைப் போடவில்லை.

போட வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் அவள் கேட்டது ஜினாவை அல்ல. ஜினாவின் பின்னால் தான்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். காமிராவுக்கு அவள் தெரியவில்லை. சோல்மியும் தான்பியும் ஒரே வருடம் பிறந்தவர்கள். பயிற்சிக் காலத்திலிருந்து ஒரே அறை, மேல் கட்டில் ஒருத்தி, கீழ் கட்டில் ஒருத்தி. அவர்களுக்குள் என்றைக்கு ‘ங்க’ இருந்தது? கன்னம் காமிராவில் அகலமாகத் தெரிகிறது என்று கம்பெனித் தலைவர் மா சொன்னதால், தான்பி இரண்டு நாளாக ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். அன்று காலை வேனில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சோல்மிதான் மடியில் சாய்த்துக்கொண்டாள். அதனால்தான் அந்தக் கேள்வி.

ஜினா ஒரு கணம் நின்றாள். புருவத்தை உயர்த்தினாள். பிறகு காமிராவைப் பார்த்து, ‘சின்னப் பிள்ளைகள், போகட்டும்’ என்பதுபோலப் பெருந்தன்மையாகச் சிரித்தாள். சோல்மியைக் குழி தோண்டிப் புதைத்தது அந்தச் சிரிப்புதான்.

சாயங்காலத்துக்குள் ஊரே கொந்தளித்துவிட்டது. ஜினா அக்காவைப் பார்த்து ‘சாப்ட்டியா’வா? வளர்ப்பு சரியில்லை. ஒரு பாட்டு வந்ததும் தலைக்கனம். பெற்ற தாயிடம் சாப்பிட்டாயா என்று ஒரு நாளும் கேட்டிராதவன் எல்லாம் மரியாதையைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டான்.

தான்பி அன்றைக்கே தலைவர் மாவின் அறைக்கு ஓடினாள். “சார், அவ என்னத்தான் கேட்டா. நான் கீழ உக்காந்திருந்தேன். ஒரு வரி போட்டாப் போதும் சார்.”

“விளக்கம் குடுக்கறது எரியற நெருப்புல எண்ணெய ஊத்தற மாதிரி. ரெண்டு நாள்ல ஆறிடும்” என்றார் மா.

“ஆறலன்னா?”

“நீ வாயத் தொறந்தா, ஜினா வேணும்னே சிரிச்சாங்கன்னு ஆயிடும். அப்புறம் எந்த மேடையில உங்களுக்கு எடம் குடுப்பாங்க? மத்த மூணு பேரோட பொழப்ப நெனச்சுப் பாரு. குழுத் தலைவின்னா சும்மாவா?”

பிறகு சோல்மியைக் கையால் மன்னிப்புக் கடிதம் எழுத வைத்தார்கள். எழுத்து மணி மணியாக இருக்கிறது, யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்றார்கள். மறுபடி எழுதினாள். கோழி கிறுக்கின மாதிரி இருக்கிறது, கொஞ்சமாவது வருத்தம் இருக்கிறதா பார் என்றார்கள். இரண்டு கடிதத்தையும் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தான்பி. செய்யாத தப்புக்கு எந்தக் கையெழுத்தில் மன்னிப்புக் கேட்பது என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. மே மாதம் ‘உடல்நிலை காரணமாக, இரு தரப்பும் பேசி முடிவெடுத்து’ என்று கம்பெனி அறிக்கை விட்டது. பெட்டியைக் கட்டும்போது சோல்மி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “ஊர் பேசட்டும். நீயாவது சொல்லியிருக்கலாம்ல?”

சொந்த ஊரான தொங்யோங்கில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எண்ணை மாற்றிவிட்டாள். தான்பி அனுப்பிய எதுவும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதற்குப் பிறகுதான் பாட்டு ஓடியது. திட்டுவதற்காகத் தேடி வந்தவர்கள் கேட்டார்கள், கேட்டவர்கள் விடவில்லை. எங்கேயோ கீழே கிடந்த ‘குடை மறந்த நாள்’ ஜூனில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. மா அலுவலகம் முழுக்க அரிசிக் கேக் வாங்கிக் கொடுத்தார். சோல்மி பாடிய இடத்தை வேறு யாராவது பாடி மறுபடி பதிவு செய்யலாம் என்று தான்பி கேட்டபோது, “ஓடற பாட்டுல எவனாவது கைய வைப்பானா?” என்று சிரித்தார். அந்தப் பகுதியில் வாயசைக்கும் வேலை தான்பிக்கு வந்தது. கோடை முழுக்கக் கல்லூரி விழாக்களில் சோல்மியின் குரலுக்குத் தான்பியின் வாய் அசைந்தது. ஒவ்வொரு தடவையும் மேடையை விட்டு இறங்கியதும் வாயைக் கொப்பளிப்பாள். அப்படியும் போகாது.

இன்று வருடக் கடைசி நிகழ்ச்சி. தொகுத்து வழங்குவது மோ ஜினா. காத்திருப்பு அறைக்கு மாவே நேரில் வந்துவிட்டார். தான்பியைத் தனியாக அழைத்தார்.

“பாட்டுக்கு முன்னாடி ஜினா உன்கிட்ட கேப்பாங்க, இந்த வருஷம் எப்பிடி இருந்துச்சுன்னு. ‘நெறைய கத்துக்கிட்ட வருஷம்’னு சொல்லு. நல்லாக் குனிஞ்சு வணக்கம் வை. அவங்க உன்னக் கட்டிப் பிடிப்பாங்க. அதோட அந்தக் கதை முடிஞ்சுது. கடைசி முகமும் உனக்குத்தான் வாங்கி வச்சிருக்கேன்.”

கடைசி முகம் என்றால் சும்மா இல்லை. பாட்டு முடிந்ததும் காமிரா ஒரே ஒருத்தியின் முகத்தில் வந்து நிற்கும். அவள் மூச்சு வாங்க வேண்டும், சிரிக்க வேண்டும், கண்ணடிக்க வேண்டும். மூச்சுச் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்க மைக்கைத் திறந்தே வைத்திருப்பார்கள். அந்த நேரத்துக்காகக் கம்பெனிகள் அடித்துக்கொள்ளும். முன்பெல்லாம் அது சோல்மியுடையது.

“கத்துக்கிட்டது என்ன சார்?” என்று கேட்டாள் தான்பி.

“என்னது?”

“நெறைய கத்துக்கிட்டோம்னு சொல்றேன். என்னத்தன்னு கேட்டா?”

“கேக்க மாட்டாங்க” என்றார் மா. “எழுதிக் குடுத்தாச்சு.”

மேடைக்குப் போகும் வழியில் மோ ஜினா வெள்ளைக் கவுனில் நின்று, தொகுப்பாளர் அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நால்வரும் குனிந்து வணங்கினார்கள். மற்ற மூவரும் நகர்ந்தார்கள். தான்பி நகரவில்லை.

“அக்கா, அன்னைக்கு நான் உங்க பின்னாடி உக்காந்திருந்தேன்.”

“என்னைக்கும்மா?”

“உங்க கவுன் நுனிய மிதிச்சிட்டேன். ‘கால எடும்மா’ன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம்தான் அவ கேட்டா.”

ஜினா சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை என்றதும் குரல் மாறியது. “இன்னுமா அதையே புடிச்சுத் தொங்கிட்டிருக்க? நான் அவள ஒரு வார்த்த திட்டினேனா? சொல்லு. ஒரு வார்த்த?”

“இல்லக்கா. ஒரு வார்த்தகூடச் சொல்லல.”

“அப்புறம்?”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

ஜினாவின் காது சிவந்தது. அதற்குள் மேடை உதவியாளர் ஒருவர் ஓடி வந்து அவளை அழைத்துப் போய்விட்டார்.

நேரலை தொடங்கியது. தொகுப்புப் படம் மறுபடி ஓடி, நட்சத்திரம் மறுபடி ஆடியது. அரங்கில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தான்பியின் முதுகில் சுருக்கென்று தைத்தது. ஜினா அவர்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தேனாகப் பேசினாள். “நம்ம தாசொத்சிப் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் எப்பிடி இருந்துச்சு?”

தான்பியின் கையைக் குழுவில் எல்லோருக்கும் இளையவளான ஹ்யேரி இறுகப் பிடித்திருந்தாள். அவளுக்கு இன்னும் பள்ளிக்கூடம்கூட முடியவில்லை. அவளை நினைத்துத்தான் தான்பி அதைச் சொன்னாள்.

“நெறைய கத்துக்கிட்ட வருஷம்ங்க.”

குனிந்தாள். ஜினா கட்டிப் பிடித்தாள். கைதட்டல் அரங்கை அதிர வைத்தது. ஜினாவின் தோளுக்கு மேலே பார்த்தால் மேடை ஓரத்தில் மா கட்டை விரலை உயர்த்திக்கொண்டு நின்றார். அந்த விரலைப் பார்த்ததும் தான்பிக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு மாதம் அடக்கி வைத்தது. ஒரு பெண்ணைத் துரத்திவிட்டு, அவள் குரலை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, அவள் முகத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, இப்போது கட்டை விரல்!

பாட்டு ஆரம்பித்தது. ஆடினார்கள். ஆட்டத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. சோல்மியின் இடம் வந்ததும் தான்பி எப்போதும்போல நடுவுக்கு வந்தாள். காமிரா நெருங்கியது.

அவள் வாயைத் திறக்கவில்லை.

உதட்டை இறுக மூடிக்கொண்டு, மைக்கை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு, நேராகக் காமிராவைப் பார்த்தபடி நின்றாள். சோல்மியின் குரல் தன்பாட்டுக்கு ஏறியது. அந்த நீண்ட சுரம், அது முடியும் இடத்தில் லேசாக உடையும் மூச்சு, எல்லாமே யாருடைய வாயும் இல்லாமல் அரங்கு முழுக்கப் போயிற்று. காமிரா அவசரமாக ஹ்யேரிக்குத் தாவியது. ஹ்யேரியும் வாயைத் திறக்கவில்லை. மற்ற இருவரும்கூட. யாரும் அவர்களிடம் சொல்லி வைக்கவில்லை. காமிராவுக்குப் போக வேறு முகம் இல்லாமல் போயிற்று.

பாட்டு முடிந்தது. கடைசி முகத்தை மாற்ற அவர்களுக்கு நேரமில்லை, எழுதி வைத்தபடி காமிரா தான்பியிடம் வந்து நின்றது. மைக் திறந்திருந்தது. அவள் மூச்சு வாங்குவது நாடெங்கும் கேட்டது. சிரிக்கவில்லை. கண்ணடிக்கவில்லை. மைக்கை வாய்க்குக் கொண்டுவந்தாள்.

“சாப்ட்டியா?” என்றாள்.

விளக்கு அணைந்தது.

அவள் மேடைப் படியில் கால் வைப்பதற்குள் பியோன் பாய்ந்து வந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒரு கையில் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது.

“பைத்தியம் புடிச்சிருச்சா ஒனக்கு? கொட்டுது பாரு, கமெண்ட்டு கொட்டுது! ஜனங்களப் பாத்து மரியாத இல்லாமக் கேட்டேங்கறான் ஒருத்தன். ஜினாவத்தான் கேட்டேங்கறான் இன்னொருத்தன். தலைவர் அங்க ரத்தக் கொதிப்புல உக்காந்திருக்காரு. யாரக் கேட்ட? சொல்லித் தொல, யாரப் பாத்துடீ கேட்ட?”

தான்பி காதிலிருந்த கருவியைப் பிடுங்கி அவன் கையில் வைத்தாள்.

“பாத்தீங்களாண்ணே, எவ்ளோ சுலபமாக் கேட்டுட்டீங்க” என்றாள். “இதே கேள்விய ஏப்ரல்ல ஒருத்தராவது அவகிட்ட கேட்டீங்களா?”