ஒரு பல்லை லேசாகத் திருப்பி

பல்லக்கா என்ற பெயர் அவளுக்கு முகமூடி நாடக வகுப்பில்தான் வந்தது. முதல் நாள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் தொழிலைச் சொன்னார்கள். ஒருவர் பஸ் டிரைவர், ஒருத்தி தையல்காரி, ஒருவர் மருந்துக்கடை. இவள் முறை வந்ததும் முடியை இடது கன்னத்தில் இழுத்து விட்டுக்கொண்டு "டெக்னீஷியன்" என்று சொல்லி முடித்துக்கொள்ளப் பார்த்தாள். டிரைவர் விடுகிற ஆளா? என்ன டெக்னீஷியன், எங்கே டெக்னீஷியன் என்று நோண்டி நோண்டி, பல் செட் செய்கிறவள் என்பதைப் பிடுங்கிவிட்டார். அன்றிலிருந்து பல்லக்கா.

"பல்" என்று சொல்லத் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது வாயிலிருந்த தண்ணீர் இடப்பக்கமாகத் தானாக ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தால் பாதி முகம் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நரம்பு என்றார்கள், சரியாகிவிடும் என்றார்கள். கொஞ்சம் சரியானது. மீதி அப்படியே நின்றுவிட்டது. இடது உதடு தொங்கியது. "ப", "ம" என்று உதட்டைச் சேர்த்துச் சொல்லவேண்டிய எழுத்துகளில் எல்லாம் காற்று நழுவியது. அதற்குப் பிறகு கல்யாணம், விருந்து எங்கேயும் போட்டோ எடுக்கிற பொறுப்பை அவளே முந்திக்கொண்டு வாங்கிக்கொள்வாள். எடுக்கிறவள் படத்தில் இருக்கவேண்டாம் அல்லவா?

வேலையில் பிரச்சினை இல்லை. பல் ஆஸ்பத்திரியின் பின்னறை, ஒரு மேசை, ஒரு விளக்கு, பிளாஸ்டர் அச்சுகள், மெழுகு, சின்னக் கத்தி. இருபத்திரண்டு வருடத்தில் அவள் செய்த செட்டைப் பார்த்து இது கட்டின பல் என்று ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. பாராட்டெல்லாம் முன்னறையில் டாக்டருக்குப் போய்விடும். அவருக்கும் அதைப் பின்னறைக்கு அனுப்பிவைக்கிற பழக்கம் இல்லை.

வகுப்பில் சேர்ந்ததன் கணக்கே வேறு. முகமூடியைப் போட்டுக்கொண்டு ஊரே பார்க்க நிற்கலாம், முகத்தைக் காட்டவேண்டியதில்லை. இதைவிட வசதி உண்டா? மேடை ஆசை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

நான்காவது வாரம் அந்தக் கணக்குத் தப்பியது. வகுப்பு நடத்துகிறவளுக்கு இருபத்தேழு வயது. எல்லாரும் வாத்தியாரம்மா என்று கூப்பிட்டால் கூச்சப்பட்டுச் சிரிப்பாள். அவள்தான் சொன்னாள், கடைசி நாள் அரங்கத்தில் நாடகம் முடிந்ததும் ஒவ்வொருவரும் முகமூடியைக் கழற்றி, தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, தான் யார், என்ன தொழில் என்று ஒரு வரி சொல்லவேண்டும். அவர்கள் குழுவின் வழக்கம் அது.

பல்லக்காவுக்குச் சுரீர் என்றது. வகுப்பு முடிந்ததும் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மட்டும் கழட்டலம்மா. முதுகைக் காட்டிட்டு அப்படியே உள்ள போயிடறேன்."

வாத்தியாரம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். அதிக நேரம் பார்க்கவில்லை.

"அது உங்க இஷ்டம்க்கா. ஆனா முதல்ல உங்க முகமூடி மேடை ஏறணுமே. மூணு பார்வை தாண்டணும்."

மூன்று பார்வை என்பது வகுப்பின் பரீட்சை. முகமூடியைப் போட்டு முதுகைக் காட்டி நிற்கவேண்டும். பிறகு திரும்பி நேராக ஒரு பார்வை, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. கையால் முகமூடியைத் தொடக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. பார்க்கிறவர்கள் உயிர் இருக்கிறது என்றால் மேடை. இல்லையென்றால் மூலையில் இருந்த அலமாரி. டிரைவர் அதற்கு வைத்த பெயர் பிணவறை.

பல்லக்காவுக்கு இதில் கவலையே இல்லை. முகத்தில் வாஸ்லைன் தடவி, பிளாஸ்டர் துணியை நனைத்து ஒட்டி அச்சு எடுக்கிறபோது மற்றவர்கள் மூக்கு அடைக்கிறது, அரிக்கிறது என்று ஆர்ப்பாட்டம் செய்தார்கள். இவள் அசையவில்லை. அச்சில் பிளாஸ்டர் ஊற்றியதும் அவள் முகம் வெள்ளையாக மேசைமேல் வந்து நின்றது. அதன்மேல் களிமண் வைத்து வேண்டிய முகத்தைச் செதுக்கி, காகிதத் துண்டுகளைப் பசையில் தோய்த்து ஆறு அடுக்கு ஒட்டிக் காயவைக்கவேண்டும். பிளாஸ்டர் என்றால் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தொங்கிய இடது கன்னத்தைக் களிமண்ணால் தூக்கினாள். உதட்டை வலது உதட்டுக்குச் சரியாக அளவுகோல் வைத்து ஏற்றினாள். கண் இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒரே அளவு. காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்த்து, வழவழப்பாக்கி, வண்ணம் பூசினாள். மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டுத் தன்னுடையதைத் துணி போட்டு மூடிவிட்டார்.

வீட்டில் லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் முகமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு இது?"

"யாரா? நான்தான். முன்னாடி இருந்த நான்."

"அப்படியா?" என்றான் அவன். தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பரீட்சை அன்று அவள் திரும்பி நின்றாள். நேராகப் பார்த்தாள். இடம், வலம். டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"பல்லக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. துணிக்கடை பொம்மை மாதிரி இருக்கு."

"அழகா இருக்குக்கா. ஆனா எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே முகம். எனக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது" என்றாள் வாத்தியாரம்மா.

"இருபத்திரெண்டு வருஷம்! நான் செஞ்ச ஒரு செட்டு திரும்பி வந்ததில்ல, தெரியுமா?" என்று கத்தினாள் பல்லக்கா. கத்தியபோது "ப" முழுக்கக் காற்றாகப் போனது. முகமூடியைத் தானே கொண்டுபோய்ப் பிணவறையில் வைத்துவிட்டு வந்தாள். அரங்கேற்றத்துக்குப் பதினோரு நாள் இருந்தது.

மறுநாள் ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கான செட் மேசையில் இருந்தது. மெழுகில் முன்பற்களை வரிசையாக நட்டு முடித்தாள். பிறகு வழக்கம்போல் கத்தியை விளக்குச் சுடரில் சூடுகாட்டி, மேல் வரிசையில் ஒரு பல்லை லேசாகத் திருப்பினாள். பக்கத்துப் பல்லின்மேல் அது நகக்கண் அளவு ஏறி உட்கார்ந்தது. ஒவ்வொரு செட்டிலும் அவள் செய்கிற வேலைதான் அது. எல்லாப் பல்லும் ஒழுங்காக நின்றால் கட்டின பல் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஒன்றைக் கோணலாக வைத்தால்தான் அது ஒரு மனுஷியின் வாய்.

கத்தி கையிலேயே நின்றது. ஊரில் இருக்கிறவர்கள் வாய்க்கெல்லாம் பார்த்துப் பார்த்துக் கோணல் வைத்த கை, தன் முகத்துக்கு வந்தபோது அளவுகோலை எடுத்திருக்கிறது!

"அடி முட்டாளே" என்று தன்னையே திட்டிக்கொண்டு சிரித்தாள். பின்னறையில் தனியாக ஒருத்தி சிரிப்பதைக் கேட்டு டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே பயிற்சி அறைக்குப் போய், பிளாஸ்டர் முகத்தின்மேல் இருந்த களிமண்ணை முழுக்க வழித்தெடுத்தாள். அடியில் அவளுடைய முகம் இருந்தது, கோணலாக, உள்ளது உள்ளபடி. மூன்று வருடமாக அவள் இதை நேருக்கு நேர் பார்த்ததில்லை; அச்சு எடுத்த அன்றுகூட அவசரமாகக் களிமண்ணை அப்பி மூடிவிட்டிருந்தாள். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தொழில் புத்தி முழித்துக்கொண்டது. இந்தப் பக்கம் இமை எவ்வளவு இறங்கியிருக்கிறது, கன்னத்து மடிப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். வலது கன்னத்தை இன்னும் கொஞ்சம் தூக்கினாள். இடது உதட்டை இன்னும் ஒரு அரிசி அளவு இறக்கினாள். இந்த முறை அளவுகோலைத் தொடாமலே, அதன்மேல் புதிதாகக் காகிதம் ஒட்டிக் காயவைத்தாள்.

இரண்டாவது பரீட்சையில் அவள் திரும்பி, வலது கன்னத்தைக் காட்டினாள். முகமூடி சிரித்தது. மெதுவாகத் தலையைத் திருப்பி இடது கன்னத்தைக் காட்டினாள். இப்போது அங்கே எதையோ நினைத்து நொந்துபோன ஒருத்தி நின்றாள்.

"யம்மா! உள்ள ரெண்டு பேரு இருக்காங்க!" என்று டிரைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வாத்தியாரம்மா பிணவறைக்குப் போய், பழைய முகமூடியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கக்கா. இங்க இதுக்கு இடம் இல்ல."

அரங்கேற்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இருநூறு நாற்காலிகளும் நிரம்பியிருந்தன. பல்லக்காவின் பகுதி ஏழு நிமிஷம். ஓர் அலுவலகக் கவுண்டர். உள்ளே டிரைவர், கோபமான செம்மூக்கு முகமூடியோடு. ஒரு காகிதத்தில் முத்திரை வாங்க அவள் வரிசையில் நிற்கிறாள். அவர் போய் வா, போய் வா என்று விரட்டுகிறார். கவுண்டரைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிற கன்னத்தைச் சபைக்குக் காட்டி அசடு வழிந்தாள். அவர் ஜன்னலைச் சாத்தியதும் மெல்லத் திரும்பி அடுத்த கன்னத்தைக் காட்டினாள். முதல் தடவையே சபை சிரித்துவிட்டது. நான்காவது தடவை அவள் திரும்பியபோது யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் "அடப்பாவமே" என்றது மேடைவரை கேட்டது. கடைசியில் முத்திரை விழுந்தது. நேராக நின்று, இரண்டு கன்னமும் தெரிய, காகிதத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். கைதட்டல் எழுந்து அடங்க நேரமானது. மேடையில் நிற்கிறோம் என்ற பெருமையில் அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

பிறகு எல்லாரும் வரிசையாக நின்றார்கள். டிரைவர் முகமூடியைக் கழற்றினார். "பஸ் ஓட்டறேன். பதினாலாம் நம்பர். இதைச் செஞ்சதும் நான்தான்." தையல்காரி சொன்னாள். மருந்துக்கடைக்காரர் சொன்னார். அடுத்தது அவள்.

முதுகைக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். பாதி திரும்பியும் விட்டாள். ஆனால் மூன்றாவது வரிசையில் இருந்த ஓர் ஆள் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"இந்த முகமூடிய எந்த ஊரு கலைஞர் செஞ்சாரோ! இவங்க கையால இதெல்லாம் வராது."

அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடத்துப் பாராட்டு முன்னறையிலேயே நின்றுபோனது போதாதா? இதுவுமா வேறு ஆளுக்குப் போகவேண்டும்? அவள் வெடுக்கென்று திரும்பினாள். நாடாவை அவிழ்த்தாள். வியர்வையில் ஒட்டியிருந்த முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள், இடப்பக்கமும்தான். முகமூடியைக் கன்னத்தோடு கன்னமாகப் பிடித்துக்கொண்டாள்.

அரங்கம் அந்த முகத்தையும் இந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"நான் பல் செட் செய்யறேன்" என்றாள். "ப"வில் காற்று போனது. இருநூறு பேர் காதிலும் சரியாக விழவில்லை என்று தோன்றியதால் இன்னும் உரக்க, காற்று போனால் போகட்டும் என்று சொன்னாள். "பல் செட்! இருபத்திரெண்டு வருஷமா. இதுவும் நான் செஞ்சதுதான். அளவு எடுத்தது இந்த முகத்துல."

கைதட்டலில் முதலில் எழுந்து நின்றது அவள் கணவன். கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"இங்க பாரு! ரெண்டு பேரும் இங்க பாருங்க!" என்று கூப்பிட்டான்.

மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் படம் எடுத்துக்கொள்ள நின்றாள். எந்தக் கன்னத்தைக் காட்டலாம் என்று யோசிக்கவில்லை. நேராகப் பார்த்தாள்.