இரண்டாவது சான்று

சாவி அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. கட்டிலில் கிடத்தியிருந்தவரின் பைக்குள் இரண்டு விரலை விட்டு அதை எடுத்தாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம், அந்த அலமாரிச் சாவியை அவள் தொட்டதே இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

"சீக்கிரம் அண்ணி. இன்னைக்கு சனிக்கிழமை, ஒரு மணிக்கெல்லாம் ஆபீஸை மூடிடுவாங்க. பிறப்புச் சான்றிதழ் நகல் இல்லாம இறப்பைப் பதிய மாட்டேங்கறாங்க," என்றார் கொழுந்தன். கையில் படிவம், காதில் பேனா. சின்ன வயதிலிருந்தே குடும்பத்தில் அவருக்குச் சட்டாம்பிள்ளை என்றுதான் பெயர். அண்ணன் செத்துக் கிடக்கும் கூடத்திலும் நாற்காலிகளை நேர்வரிசையில் போடச் சொல்லி ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

பின்னறைக்குப் போய் அலமாரிகளைத் திறந்தாள். மூன்று சுவருக்கும் கோப்புகள். அவருடைய அப்பா வழிக்கு நீல முதுகு, அம்மா வழிக்குப் பச்சை முதுகு. ஒவ்வொன்றிலும் எண், ஆண்டு, எந்த அலுவலகத்தில் எடுத்த நகல் என்ற குறிப்பு. அவள் பிறந்த வீட்டுக்கு மஞ்சள். மஞ்சள் ஒரே ஒரு கோப்பு, அதுவும் பத்துப் பக்கம் தேறாது.

அவர் மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்தவர். இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு பெட்டி மாத்திரை வெளியே போகாது. குடும்ப மரத்தை ஆராயப் போகிறேன் என்று இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்தபோது அதே விதியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒருவர் பிறந்தார் என்றால் இரண்டு சான்று. இறந்தார் என்றாலும் இரண்டு சான்று. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த ஆளுக்கு ஓர் எண், ஓர் அட்டை. போன இடம், பார்த்த பதிவேடு, கிடைத்தது, கிடைக்காதது எல்லாவற்றுக்கும் தேடல் ஏடு என்று தனியாக ஒன்று. "இல்லைங்கறதும் ஒரு விடைதான். அதை எழுதி வைக்கலைன்னா மறுபடியும் அங்கேயே போய் நிப்போம்," என்பார். மழை பெய்தால் குடை பிடிக்கவும் வெயிலடித்தால் தண்ணீர் பாட்டில் தூக்கவும் அவள் கூடவே போயிருக்கிறாள். நகல்களை வரிசைப்படுத்தி, பின்பக்கம் தேதி எழுதி, துளை போட்டுக் கோத்ததெல்லாம் அவள்தான். அலமாரியில் வைத்துப் பூட்டியதுதான் அவர்.

முதல் நீலக் கோப்பிலேயே பிறப்புச் சான்றிதழ் இருந்தது. செத்த வீட்டில் அரை மணி நேரம் தேடவிடாத மனிதர், அந்த மட்டுக்கும் நல்லவர்.

கொழுந்தன் அதை வாங்கிக்கொண்டு அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது. "நானூத்திப் பதினேழு பேர் அண்ணி. ஒரு ஆளை விடலை. எப்பேர்ப்பட்ட உழைப்பு! அச்சகத்துல பேசிட்டேன். பத்து நாளைக்குள்ள வம்சப் புத்தகம் கைக்கு வந்துடும். காரியத்துக்கு வர்றவங்களுக்கெல்லாம் ஒண்ணு ஒண்ணு கொடுத்துடலாம்."

"ஒரு ஆளை விடலையா?" என்றாள்.

அவர் அதற்குள் படிவத்தோடு வாசலுக்குப் போய்விட்டிருந்தார்.

அவள் கதவைச் சாத்தினாள். கால் தானாகத் தேடல் ஏடுகள் இருந்த அடுக்கின் பக்கம் போயிற்று. பன்னிரண்டு வருஷமாக அதைப் பார்க்க நினைத்தவள் அவள். இவ்வளவு நாளும் அவர் இருந்தார். இப்போது சாவி அவள் கையில் இருந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, சாப்பாட்டு மேஜை முழுக்க அவர் வரைபடத்தை விரித்துப் போட்டிருந்தார். அவர் 96. அவள் 97. கீழே ஒரு கோடு இறங்கி மகள், 231, முதல் குழந்தை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இங்க இன்னொரு கோடு வரணும்."

அவர் தலை நிமிரவில்லை. "சான்று இருக்கா?"

"நான் பெத்தேங்க."

"அதை யாரு இல்லைன்னா? ஏட்டுல ஏத்த ரெண்டு வேணும். அந்த ஆஸ்பத்திரியையே இடிச்சாச்சு. எல்லாருக்கும் ஒரே விதி. உனக்குன்னு வளைச்சா நாளைக்கு வர்றவனெல்லாம் வளைக்கச் சொல்வான்."

மூன்று நாள் இருந்தது அந்தப் பெண் குழந்தை. மூன்றாம் நாள் நர்ஸ் துணியில் சுற்றி, நடைவழியில் நின்ற அவரிடம் கொடுத்தாள். எங்கே கொண்டுபோனார், யார் கூடப் போனார்கள் என்று அவளிடம் சொல்லவில்லை. சாயங்காலம் வந்து "முடிஞ்சது" என்றார். முப்பத்தாறு வருஷத்தில் அவர்கள் இருவரும் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசியது அந்த ஒரு வார்த்தையும், பிறகு மேஜையருகே நடந்த இந்த நாலு வாக்கியமும்தான். மகளிடம் அவர் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்த வருஷத்து ஏட்டை எடுத்தாள். மாதத்தைத் தேடி, தேதிகளில் விரலை ஓட்டினாள். மேஜையருகே பேசிய எட்டாம் நாள் அவருடைய குண்டுக் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது.

இடம்: பழைய ஆஸ்பத்திரியின் ஆவணக் கிடங்கு. பார்த்தது: பிரசவப் பதிவேடு. தேடியது: பெண் குழந்தை. விடை: உண்டு. உயிருடன் பிறப்பு, மூன்றாம் நாள் இறப்பு. நகல் எடுக்கப்பட்டது. சான்று ஒன்று. இரண்டாவது சான்று: நிலுவை.

அடுத்த வரியில் அவர் தன் கொள்ளுத்தாத்தாவின் தம்பியைத் தேடி வேறு ஊருக்குப் போயிருந்தார்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். போயிருக்கிறார். கேட்டு எட்டே நாளில் போய், புழுதியில் நின்று, பார்த்து, நகலும் எடுத்து வந்திருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து எப்போதும் போலச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார். ஒரு வார்த்தை. "இருந்துச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயில் இருந்த முத்தா உதிர்ந்துவிடும்?

அந்த நகல் மஞ்சள் கோப்பில், கடைசியில் இருந்தது. தாய் என்ற இடத்தில் அவள் பெயர்.

மஞ்சள் கோப்புக்குப் பக்கத்திலேயே தடியாக இன்னொன்று. வாய்மொழிச் சான்றுகள். தாள் கிடைக்காத இடத்தில், தெரிந்தவர் வாயால் சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டால் அதையும் அவர் ஒரு சான்றாக ஏற்பார். அவருடைய விதிதான் அதுவும். அறுபத்து மூன்று பேர் சொன்னது அதில் இருந்தது. ஒவ்வொன்றையும் அவளே துளை போட்டுக் கோத்திருக்கிறாள். காது கேட்காத ஒரு பெரியவரைப் பார்க்க ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போனார்கள். உங்க மனைவி பேரென்ன என்று கேட்டதற்கு அந்த மனுஷன் தன் அண்ணியின் பெயரைச் சொன்னார். பிறகு திருத்தினார். பிறகு திருத்தியதையும் மறந்தார். அந்தப் பெரியவரின் கைநாட்டும் உள்ளே இருந்தது. யார் யாரோ, எப்போதோ கேட்டதை, எவளோ பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொன்னதெல்லாம் சான்று. பெற்றவள் அடுத்த அறையில் அவருக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் மட்டும் கேட்கவில்லை.

கேட்கப் பயந்தாரோ என்னவோ. எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டவர், பயம் என்று அதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கலாம்.

கதவு திறந்தது. மகள். அழுது முகம் வீங்கியிருந்தது. "என்னம்மா தரையில உக்காந்திருக்கே? எல்லாரும் உன்னைத்தான் தேடறாங்க."

அவள் நகலை நீட்டினாள். மகள் வாசித்தாள். திரும்பவும் மேலிருந்து வாசித்தாள்.

"இது யாரும்மா?"

"உன் அக்கா."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். மகள் அலமாரியில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கு ஏன் சொல்லலை?"

"சான்று ஒண்ணுதான் இருந்துச்சாம்."

"அப்பா மறந்திருப்பாரும்மா."

"உங்கப்பாவா? முப்பது வருஷத்துக்கு முந்தி நான் உடைச்ச பீங்கான் தட்டைச் சொல்லிக்காட்டின மனுஷன்டி அவர். மறக்கறாராம்!" குரல் உடைந்தது. அழுகையல்ல, ஆத்திரம். இப்போது எழுந்துபோய் அந்தக் கட்டிலை உலுக்கிக் கேட்கவேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷம் கேட்காமல் விட்டுவிட்டு, பதில் சொல்ல முடியாத ஆளிடம் போய் என்ன கேட்பது? தன் மேலேயே வெறுப்பாக வந்தது.

கொழுந்தன் உள்ளே வந்தார். பதிவுக்கு ஆள் அனுப்பியாயிற்று என்ற தெம்பு முகத்தில் தெரிந்தது. மேஜையிலிருந்த அட்டைப் பெட்டியிலிருந்து அண்ணனுடைய 96ஆம் அட்டையை உருவினார்.

"அண்ணி, ஒரே ஒரு விஷயம். வண்டி கொஞ்ச நேரத்துல வந்துடும், அதுக்குள்ள இதை முடிச்சுடணும். நடந்த அன்னைக்கே எழுதணும்கறது அண்ணன் போட்ட விதி. டாக்டர் ஏழே கால்னு எழுதியிருக்கார், அது அவர் வந்து பார்த்த நேரம். உண்மையான நேரம் உங்களுக்குத்தானே தெரியும். சொல்லுங்க, கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க. அதை ரெண்டாவது சான்றா வச்சுக்கறேன்."

அவள் சிரித்துவிட்டாள். கூடத்தில் இரண்டு தலைகள் திரும்பின. சாவு வீட்டில் பெண்டாட்டி சிரித்தால் திரும்பத்தானே செய்வார்கள்.

ஐந்து நாற்பது. மூச்சின் சத்தம் மாறியதும் அவள் விழித்தாள், விளக்கைப் போட்டாள், அவர் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. அப்புறம் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வெளிச்சம் வரும்வரை யாரையும் எழுப்பாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நகலைப் பற்றி அப்போது அவளுக்குத் தெரியாது.

"சொல்றேன் தம்பி. அதுக்கு முன்னாடி ஒரு புது அட்டை எடுங்க." நகலை அவரிடம் கொடுத்தாள். "இது உங்க அண்ணன் தேடி எடுத்தது. முதல் சான்று. ரெண்டாவது நான். எழுதுங்க."

அவர் வாசித்தார். தெரியாத சேதியல்ல அவருக்கு. நடைவழியில் அன்று அண்ணன் கூட நின்றவரே அவர்தான் என்பது அவர் கண் தாழ்ந்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணி... முப்பத்தாறு வருஷம் ஆச்சு. மூணு நாள் குழந்தை, பேருகூட வைக்கலை. இதை இப்ப நடுவுல சொருகினா எண்ணெல்லாம் மாறும். இவ 231. இவகிட்டேர்ந்து கடைசி வரைக்கும் நூத்தி எண்பத்தேழு பேரைத் தள்ளணும். அச்சுக்குக் கொடுத்தாச்சு."

"தள்ளுங்க."

"விளையாடற நேரமா இது? அண்ணனே சேர்க்காததை நான் எப்படி..."

"சரி, விடுங்க."

"அப்ப நேரம்?"

"எனக்குத் தெரியாது."

"என்ன அண்ணி! நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க?"

"இருந்தேன். அங்கேயும் மூணு நாளும் நான்தான் இருந்தேன்."

அவர் மகளைப் பார்த்தார். நீயாவது சொல்லேன் என்பது போல. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொழுந்தன் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். 96ஐப் பெட்டியில் போட்டுவிட்டு, "துக்கத்துல பேசறீங்க. அப்புறம் பாத்துக்கலாம்," என்று வெளியே போனார். போகிறபோதே யாரையோ செருப்பை ஒழுங்காக விடச் சொல்லி அதட்டினார்.

ஜெயித்த மாதிரி இல்லை. நாலு பேர் வாசிக்கப்போகும் புத்தகத்தில் ஏழே கால் என்று வரும், அவ்வளவுதான். முதல் குழந்தை 231 என்றும் வரும்.

மகள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வெற்று அட்டை ஒன்றை எடுத்து, எண் என்ற இடத்தை அப்படியே விட்டாள். அப்பா பெயர், அம்மா பெயர், தேதி எல்லாவற்றையும் நகலைப் பார்த்து எழுதினாள். அப்பாவுடையதைப் போலவே குண்டுக் கையெழுத்து. ஒரு கட்டத்தில் நின்றாள்.

"பொறந்த நேரம் இதுல அழிஞ்சிருக்கும்மா. எத்தனை மணிக்கு?"

அவள் வாயைத் திறந்தாள். காலை என்று சொல்ல வந்தது. ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. அது மறுநாளா? விளக்குப் போட்டிருந்தார்களே. எத்தனையோ வருஷம் அந்த மணியை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். தினமும் அந்த நேரம் வந்தால் கையில் இருக்கும் வேலை நிற்கும். எப்போது நிற்காமல் போயிற்று?

"தெரியலைடி," என்றாள். இந்தத் தடவை பொய் இல்லை.

வாசலில் வண்டி பின்பக்கமாக வரும் சத்தம் கேட்டது. "லெஃப்ட்ல ஒடி, இன்னும், இன்னும்," என்று கொழுந்தன் கத்தினார்.

"இடது காது மடிஞ்சிருக்கும்," என்றாள் அவள். "நிமித்தி விட்டா மறுபடி மடிஞ்சுக்கும்."

அட்டையில் அதற்குக் கட்டம் கிடையாது. மகள் அட்டையைத் திருப்பிப் போட்டாள்.

"சொல்லும்மா," என்றாள்.