இரண்டாவது ஃபிலிம் சுருள்

ஊர்க் கூட்டத்தில் ஜெபராணி டீச்சர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். இசக்கியப்பனின் செப்டிக் டேங்க் லாரி தாமிரபரணியில் கழிவைத் திறந்துவிடும் படம்.

“கம்ப்யூட்டர்ல என்ன வேணும்னாலும் செய்யலாம். நெகட்டிவ் இருக்கா டீச்சர்?” என்று சிரித்தார் இசக்கியப்பன். கூட்டம் தலையாட்டியது. அந்தத் தலையாட்டலைத்தான் ஜெபராணியால் பொறுக்க முடியவில்லை.

மதுரைக்குப் போய்ப் பழைய ஃபிலிம் கேமரா ஒன்றும் இரண்டு ஃபிலிம் சுருளும் வாங்கி வந்தார். சனிக்கிழமை காலை, கொக்கிரகுளம் தாண்டி ஆற்றங்கரையில் கழிவு கொட்டும் லாரியைப் பதினான்கு படம் எடுத்திருப்பார். லாரி டிரைவர் பிச்சைக்கண்ணு பார்த்துவிட்டான். வந்த வேகத்தில் கேமராவைப் பிடுங்கிப் பின்மூடியைத் திறந்து, ஃபிலிமை வெயிலில் உருவிப் போட்டான்.

“இனி என்ன செய்வீய?” கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி லாரிக் குழாயைத் திறக்கப் போனான்.

ஜெபராணி படியில் உட்கார்ந்து குடை நிழலில் புதுச் சுருளை வைத்தார். ஃபிலிமின் நுனியை எதிர் உருளையின் பிளவில் செருகினார். ஆத்திரத்தில் நழுவியது. மறுபடியும் நழுவியது.

“மிஷின் மக்கர் பண்ணுதோ?” என்றான் அங்கிருந்தே. நாற்றம் மூக்கைத் துளைத்தது. சற்றுத் தள்ளி ஒருத்தி குடத்தை முக்கிக்கொண்டிருந்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை செருகினார். ஓரத் துளைகள் பல்சக்கரத்தில் பொருந்தின. மூடியை அடைத்து லீவரைத் தள்ளினார். மேலே குமிழும் சேர்ந்து சுழன்றது. ஃபிலிம் ஓடுகிறது.

கேமராவின் பார்வைக் கண்ணாடிக்குள் லாரியின் நம்பர் இரண்டாகத் தெரிந்தது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பியதும் ஒன்றாகித் தெளிந்தது. அழுத்தினார். பிறகு குழாய், குடம், திரும்பிப் பார்த்த பிச்சைக்கண்ணுவின் முகம்.

அவன் ஓடி வந்தான்.

“தொட்டுப் பாருலே,” என்றார் ஜெபராணி, கேமராவை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு. “ஒன் புள்ளையளும் இந்தத் தண்ணியத்தானலே குடிக்கு?”

குடத்துக்காரி மேலேறி வந்து டீச்சர் பக்கத்தில் நின்றாள். அவன் பைய பின்வாங்கினான்.

அடுத்த கூட்டத்தில், கழுவி வந்த நெகட்டிவைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். இசக்கியப்பன் வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்துப் பார்த்தார்.

“சரி டீச்சர், இனி அங்கன லாரி வராது.”

“வேற எங்கன கொட்டுவீரு? அதையும் சொல்லிட்டு உக்காரும்.”

இந்த முறை யாரும் தலையாட்டவில்லை. எல்லோரும் இசக்கியப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.